செவிடனா, திருடனா

6 மார்ச் 1984, செவ்வாய்

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மருமகள் நவமணி எழுதுகிறாள். கெட்ட வார்த்தைகளை விட்டுவிடுவாளாம். விடட்டும். கோபத்தை விடக் கூடாது.

ஞாயிறு மத்தியானம் ஜெலாப்பாங் தொழிற்சாலையின் பின்வேலிச் சங்கிலியை அறுத்து, செப்புக் கம்பிச் சுருள்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். காவலுக்கு இருந்த ஜாகா நான்தான். முன்வாசலில் இருந்தேன். தூங்கவில்லை. ஆனால் ஒரு சத்தமும் கேட்கவில்லை. நேற்று அதைச் சொன்னேன். ஷிப்ட் மாறும் நேரம், வாசல் நிறைய ஆட்கள். அத்தனை பேர் முன்னால் சூப்பர்வைசர் அர்ச்சுனன் கத்தினான்:

"நான் கூப்பிட்டா கேக்குது, லாரிக்காரன் கூப்பிட்டா கேக்குது, சங்கிலி அறுத்தா மட்டும் கேக்கலையா லா? செவிடன் வேஷமா பெரிசு? யாரோட ஆளு நீ?"

சிலர் சிரித்தார்கள்.

8 மார்ச், வியாழன்

கம்பெனி அனுப்பிய கிளினிக்குக்குப் போனேன். காதில் மாட்டும் கருவி, கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டுமாம். ஜன்னலுக்கு வெளியே பஸ் உறுமுகிறது. எது பஸ், எது கருவி? கேட்டது என்று நிச்சயமானபோதுதான் அமுக்கினேன். மூன்று தரம் செய்தார்கள்.

முடிந்து எழுந்தேன். முதுகுக்குப் பின்னாலிருந்து டாக்டர் மெதுவாக மலாயில், "பாக்சிக், சுடா மாக்கான்?" என்றார். சாப்பிட்டாச்சு என்றேன். மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் உடனே ஏதோ எழுதிக்கொண்டார்.

9 மார்ச்

நடிப்பு என்று டாக்டர் எழுதியிருக்கிறாராம். நான் அமுக்கியது மூன்று தரமும் மூன்று விதமாம்.

14 மார்ச், புதன்

வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கேட்கிறது என்றால் நான் திருடன். கேட்கவில்லை என்றால் உபயோகமற்ற கிழவன். இரண்டில் ஒன்றை நானே எடுத்துக்கொள்ள வேண்டுமா? என்ன நியாயமடா இது!

சாமான் கடைக்குள் போனேன். பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். அது நன்றாகக் கேட்டது.

என்னைத் திருடன் என்று சொல்ல இந்த ஊரில் எவனுக்கு யோக்கியதை இருக்கிறது? பீடோர் பக்கத்துத் தோட்டத்தில் வெள்ளைக்காரன் காலம், ஜப்பான்காரன் காலம், திரும்ப வெள்ளைக்காரன் காலம், எல்லாம் பார்த்தவன். ஒரு ரப்பர்க் கொட்டையைக்கூடக் கேட்காமல் எடுத்ததில்லை.

நவமணி துணி தைத்துக் கொடுக்கும் வீட்டில் ஒரு வழி சொன்னார்களாம். ஈப்போவில் காதைச் சோதிக்கவென்றே படித்த ஒரு பெண் இருக்கிறாள், பெயர் செகப்பி. வரமாட்டேன் என்றேன். "அப்ப திருடன்னே இருங்க மாமா," என்றாள் இவள். நாக்கைப் பாரு.

22 மார்ச், வியாழன்

போனேன். செகப்பி செட்டியார் வீட்டுப் பெண். அதனால் ஆச்சி என்றே கூப்பிட்டேன். முதலில் கவைபோல ஓர் இரும்பைத் தட்டி, நெற்றியிலும் காதுக்குப் பின்னால் எலும்பிலும் வைத்தாள். பிறகு தடித்த கதவுள்ள சின்ன அறையில் உட்கார்த்தினாள். கதவைச் சாத்தியதும் என் மூச்சே எனக்குக் கேட்டது.

மறுபடியும் பொத்தான். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்தாள்.

"ஐயா, கையைப் பொத்தான்கிட்ட கொண்டுபோயி கொண்டுபோயி நிறுத்துறீங்க. ஏன்?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. "நிச்சயமாத் தெரியாம ஆமான்னு சொல்றவன் நான் இல்ல, ஆச்சி!"

தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டைச் சொன்னேன். விடியுமுன் வரிசையில் நிறுத்திக் கங்காணி பேர் கூப்பிடுவான். எங்கள் பிரிவில் என்னோடு சேர்த்து சீனி என்ற பேரில் மூன்று பேர். அடுத்தவன் பேருக்கு வாய் திறந்தால் பிரம்படி, அரை நாள் கூலியும் போகும். பன்னிரண்டு வயதில் முதுகில் வாங்கினேன். அதற்கப்புறம் என் பேர்தான் என்று தீர்மானமாகாமல் நான் ஏன் பதில் சொல்லப்போகிறேன்?

சிரிக்கவில்லை அவள். "இங்க கங்காணி இல்லைங்க ஐயா. இருக்கா இல்லையான்னு சந்தேகம் வந்தாலும் அமுக்குங்க. தப்பாப் போனா போகட்டும்."

"அப்ப பொய் சொல்லச் சொல்றீங்க."

"இல்ல. உங்க சந்தேகத்தையும் எனக்குச் சொல்லுங்கன்றேன்."

நடுநடுவே சத்தமே அனுப்பாமல் சும்மா விட்டாளாம். அது தெரிந்ததும் மறுபடி கத்தினேன், இங்கேயும் பொறியா என்று. அது என்னைப் பிடிக்க இல்லையாம். வெறுமனே அமுக்குகிறவனுக்கும் நிஜமாகக் கேட்கிறவனுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமாம். அடுத்த வாரமும் வரச் சொன்னாள்.

28 மார்ச், புதன்

திரும்பப் போனோம். பெரிய சத்தம், சின்னச் சத்தம், தடித்தது, மெலிந்தது, எல்லாம் மாற்றி மாற்றிக் கொடுத்தாள். அன்றைக்குக் காகிதத்தில் போட்ட கோட்டின் மேலேயே இன்றைய கோடும் உட்கார்ந்தது. நடிக்கிறவனால் எந்த அளவில் நிறுத்தினோம் என்று ஒரு வாரம் நினைவில் வைத்துக்கொள்ள முடியாதாம்.

கோட்டைக் காட்டினாள். தடித்த சத்தத்துக்கு நேராகப் போய், மெலிந்து கூர்மையாகும் இடத்தில் மலைச்சரிவு மாதிரி விழுகிறது. இரண்டு காதும் ஒன்றுபோல.

"ஆம்பளை குரல் மெதுவாப் பேசினாலும் கேக்கும். இரும்புல இரும்பு உரசுற கீச்சுச் சத்தம் கேக்காது. எங்க வேலை செஞ்சீங்க?"

தோட்டத்து ரப்பர் ஸ்டோர், ரோலர் மிஷின் என்றேன். நாள் முழுக்கத் தலைக்குள் இரும்பு ஓடும். தலையை ஆட்டினாள். கம்பெனிக்கு அவளே எழுதி அனுப்புகிறாள்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். சந்தோஷம் வரவில்லை. ரோலரை ஓட்டவைத்தவன் எவனும் என் காதைக் கேட்டுக்கொண்டா எடுத்தான்?

1 ஏப்ரல், ஞாயிறு

அர்ச்சுனன் ஆரஞ்சுப் பையோடு வீட்டுக்கு வந்தான்.

"மொதலாளி தவுக்கே அந்தக் காகிதத்தப் பார்த்துட்டாரு அண்ணே. நீங்க வேலைக்கு வரலாம்."

"அன்னைக்குப் பெரிசு. இன்னைக்கு அண்ணனா?"

"வாய் தவறிப் பேசிட்டேன், மன்னிச்சுக்குங்க லா."

"எங்க நின்னு பேசின?"

"வாசல்ல."

"இது என் வீட்டுக் கூடம்."

ஆரஞ்சைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். நவமணி இரண்டை எடுத்துக்கொண்டுதான் கொடுத்தாள்.

2 ஏப்ரல், திங்கள்

ஷிப்ட் மாறும் நேரம் பார்த்துத் தொழிற்சாலைக்குப் போனேன். ஜாகா சட்டையை மடித்து எடுத்துப் போயிருந்தேன். சங்கிலி அறுபடுவது காதில் விழாதவன் ஜாகாவாக இருக்கக் கூடாது. அது நியாயம், அதை நானே சொல்கிறேன். சட்டையை வாசல் மேசையில் வைத்துவிட்டு நின்றேன். போகவில்லை.

அர்ச்சுனன் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முனகினான்.

"கேக்கல," என்றேன்.

கொஞ்சம் உரக்கச் சொன்னான். "கேக்கல, அர்ச்சுனா," என்றேன் மறுபடியும்.

ஆட்கள் நின்றுவிட்டார்கள். அவன் முகம் கறுத்தது. பிறகு கத்தினான்: "சீனி அண்ணன் திருடல! நடிக்கல! நான் சொன்னது தப்பு!"

இந்தத் தரம் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் வீட்டுக்கு நடந்தேன்.

முதல் தரமே எனக்குக் கேட்டுவிட்டது. அதையும் எழுது, நவமணி.