பொட்டு வைத்த பட்டன்

மாமி,

ரீவியை மூடியிருந்த வெள்ளைச் சேலையை இன்றுதான் எடுத்தோம். உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியை நேற்று முடிந்துவிட்டது. வந்த சனம் போய், வாடகைக் கதிரைகளும் போய், பந்தல் கால் நட்ட குழிகள் மட்டும் முற்றத்தில் இருக்கின்றன. இனிப் போடலாம்தானே என்றாள் உங்கள் மகள். ரிமோட்டைத் தேடினேன். உங்கள் கதிரைக் கைப்பிடியில் கட்டியிருந்த துணிப்பைக்குள் கிடந்தது. முழங்காலுக்குப் பூசும் தைலமும் வெற்றிலையும் அதில் மணத்தன. கையில் எடுத்தபோது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. பற்றரி போயிருக்குமோ என்று மட்டும் யோசித்தேன்.

இந்த மாதம் முழுக்க இப்படித்தான். செத்த வீட்டுக்கு லைற் இழுத்தேன், பெட்டியின் ஒரு மூலையைப் பிடித்தேன், தேத்தண்ணிக்குச் சீனி முடிந்தால் ஓடிப்போய் வாங்கினேன். அழவில்லை. மருமகன் கல்லு மாதிரி நிற்கிறான் என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை. அவருக்கும் ஒரு தேத்தண்ணி கொடுத்தேன்.

உங்களை 'நீங்கள்' என்று நேரே சொல்லி எழுதக் கை கூசுகிறது. நீங்கள் இருக்கும்போது ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லையே. நாவற்குடாவில் எங்கள் வீடு ஊர் வழக்கப்படி அக்காவுக்குச் சீதனமாகப் போயிற்று. நான் ஒரு பெட்டியோடும் மோட்டார் சைக்கிளோடும் தேற்றாத்தீவுக்கு, நீங்கள் மகளுக்கு எழுதிக் கொடுத்த இந்த வீட்டுக்கு, வந்து சேர்ந்தேன். அன்று தொடக்கம் என் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டால் போதும், கதிரையை விட்டு எழும்பிக் குசினிக்குள், அடுப்படிக்கு, போய்விடுவீர்கள். மருமகனுக்கு முன்னால் மாமி கதிரையில் இருப்பதா? பேச்செல்லாம் மகள் வழியாகத்தான். "அவருக்குக் கறி காணுமா எண்டு கேளு புள்ள" என்பீர்கள். காணும், போதும் என்று சொல்லு என்பேன் நான். மூன்று பேரும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டுதான் இவ்வளவும். வெளியூர்க்காரர் யாரும் பார்த்தால் குடும்பச் சண்டை என்று நினைத்திருப்பார்கள். எங்களுக்கு அதுதான் மரியாதை, பழகியும் போயிற்று.

இரத்தத்தில் சீனி கூடி, அந்த வருத்தம் உங்கள் கண்பார்வையைக் கொண்டுபோன பிறகு, பகலில் உங்களுக்குத் துணை ரீவி நாடகம்தான். முகம் தெரியாவிட்டாலும் குரலை வைத்தே எந்த மருமகள் நல்லவள், எவள் கள்ளி என்று சொல்லிவிடுவீர்கள். மகள் களுவாஞ்சிக்குடித் தையற்கடைக்கும் நான் வயரிங் வேலைக்கும் போனால் பொழுதுபட்டுத்தான் வருவோம்.

ஒருநாள் மத்தியானம், சுவர் துளைக்கும் மிசினை எடுக்க வந்தேன். எங்கள் ஒழுங்கை தெருவில் ஏறும் முகப்பில் தண்ணீர் நின்றதால் மோட்டார் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தேன். உங்களுக்குக் கேட்கவில்லை. நீங்கள் ரீவிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருந்தீர்கள். திரை வெறும் நீலம். சத்தமே இல்லை. நான் செருமினேன். நீங்கள் பதறி எழும்பிச் சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனீர்கள்.

எனக்கு உடனே விளங்கியது. நீங்கள் நாடகம் கேட்கிற டிஷ் பெட்டி ரீவிக்குள் ஒரு வழியால் வருகிறது. நான் கிரிக்கெட் பார்க்கிற இன்டர்நெட் பெட்டி இன்னொரு வழியால் வருகிறது. முந்தின நாள் நான் விட்ட இடத்திலேயே, அணைத்திருந்த அந்தப் பெட்டியிலேயே, ரீவி நின்றிருந்தது. ரீவியோடு வந்த ரிமோட்டில் வழி மாற்ற ஒரே ஒரு பட்டன்தான். அதை அழுத்தினால் திரையில் ஒரு வரிசை வரும். இப்போது எதில் நிற்கிறது என்று பார்த்துத்தான் எத்தனை தடவை அழுத்துவது என்று முடிவெடுக்க வேண்டும். பார்க்க முடியாதவர் என்ன செய்வார்? அன்று பின்னேரம் மகள் உங்களிடம் விசாரித்தாள். "அவருக்கு ஏன் புள்ள கரைச்சல், சும்மாதான் இருந்தன்" என்றீர்கள். இப்படி எத்தனை நாள் சும்மா இருந்தீர்களோ.

பார்த்து முடிந்ததும் மாற்றி வையுங்கள், பிரச்சினை முடிந்தது என்றாள் மகள். மாற்றி வைத்தேன். ஆனால் உங்கள் விரல் தவறி அந்தப் பட்டனில் பட்டால் மறுபடியும் நீலம்தான். ரீவி எங்கே நின்றாலும், ஒரே அழுத்தில் நேராக டிஷ் பெட்டிக்கு வர வேண்டும். அப்படியொரு குறியீடு ரீவிக்குள் செய்யும்போதே இருக்கிறது, ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாக. அதை அனுப்புகிற பட்டனைத்தான் ரிமோட்டில் வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். கட்டாரில் இருக்கிற உங்கள் மகனிடம் சொல்லி, எந்த ரீவிக்கும் பழக்கக்கூடிய ஒரு ரிமோட்டை எடுப்பித்தேன். இன்டர்நெட்டில் யாரோ புண்ணியவான்கள் போட்டு வைத்த இலக்கங்களை எடுத்து ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். சிவப்பு லைற் இரண்டு தடவை மின்னும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும், இலக்கத்தை அடிக்க வேண்டும், பிறகு எந்தப் பட்டனுக்கு வேண்டுமோ அதை அழுத்த வேண்டும். ஒரு இலக்கத்துக்கு ரீவி அணைந்தது. இன்னொன்றுக்குப் படம் ஒட்டகம் மாதிரி நீண்டது. "உன்ர மனுசன் ரீவிய என்ன பாடு படுத்துறாரு? அணையுது, மறுகா எரியுது, மறுகா அணையுது" என்று குசினிக்குள் மகளிடம் நீங்கள் கேட்டது எனக்கும் கேட்டது. கடைசியில் ஒரு இலக்கம் சரி வந்தது. ரீவியை வேண்டுமென்றே வேறு வழிகளில் விட்டுவிட்டு அழுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நாடகத்திலேயே போய் நின்றது. பக்கத்துப் பட்டனில் இன்டர்நெட் பெட்டிக்குரியதையும் போட்டு வைத்தேன், இருக்கட்டும் என்று.

உங்கள் பட்டனில் மகளின் கல் வைத்த ஒட்டுப்பொட்டு ஒன்றை ஒட்டினேன், தடவினால் தெரியட்டும் என்று. இதை எப்படி உங்களுக்குச் சொல்வது? மகள் வீட்டில் இல்லை. ரிமோட்டைக் கதிரையில் வைத்துவிட்டு, வாசலில் படுத்திருந்த பூனையைப் பார்த்துச் சொன்னேன், பொட்டு வைத்த பட்டனை அமத்தினால் நாடகம் வரும் என்று. கதவுக்குப் பின்னாலிருந்து நீங்களும் பூனையிடம்தான் கேட்டீர்கள்.

"எங்க நிண்டாலும் வருமா எண்டு கேளு பூனை."

"ஓம், எங்க நிண்டாலும் வரும்."

பிறகு, "எனக்கில்லாத பொட்டு இதுக்கொரு கேடா" என்றீர்கள். சிரித்தீர்கள் என்றுதான் நினைக்கிறேன். மாமா போன பிறகு நீங்கள் பொட்டு வைத்ததில்லை. நான் முற்றத்துக்கு இறங்கிவிட்டேன். பின்னால் நாடகம் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு விளங்கவில்லை. பின்னேரம் வேலையால் வந்து நான் பழைய ரிமோட்டில் ரீவியைப் போட்டால், அது இன்டர்நெட் பெட்டியிலேயே நிற்கும். பட்டன் இருக்கிறதே என்று முந்தின இரவு நான் மாற்றி வைக்காமல் விட்டபடியே. மறுநாளும் அப்படி, அடுத்த நாளும் அப்படி. மாமிக்கு அந்த ரிமோட் பிடிக்கவில்லை, பகலெல்லாம் ரீவியைத் தொடுவதே இல்லை என்று முடிவு கட்டினேன். மருமகன் செய்து தந்ததைப் பாவிக்கக் கூச்சமாக்கும் என்று நினைத்தேன். மனம் சுருங்கிப் போயிற்று. மகளிடம் கேட்கவும் ரோசம் விடவில்லை. இரண்டு வருசம் அப்படியே போயிற்று. அந்த ரிமோட் இருந்த உங்கள் துணிப்பையை நான் தொடவே இல்லை.

போன மாதம் ஒரு பின்னேரம் நான் செருப்பைக் கழற்றி உள்ளே வந்தபோது நீங்கள் எழும்பவில்லை. கதிரையிலேயே இருந்தீர்கள். ரீவி அணைந்திருந்தது. எனக்கு முன்னால் நீங்கள் எழும்பாமல் இருந்ததை அன்றுதான் கண்டேன், ஏதோ பிழை என்று அதனாலேயே தெரிந்தது. நெஞ்சைப் பிடித்திருந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஓட்டோவுக்குள் என் கையைப் பிடித்தீர்கள். திரும்பி வீட்டுக்கு வரவில்லை.

இன்று உங்கள் ரிமோட்டில் ரீவியைப் போட்டேன். இன்டர்நெட் பெட்டியில் நின்றது. கடைசி நாளும் மாமி தொடவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பெருவிரலில் ஏதோ சொரசொரத்தது. பொட்டுக்குப் பக்கத்துப் பட்டனில் வெற்றிலைச் சுண்ணாம்பு. உதிர உதிர மேலே மேலே தடவியிருக்கிறீர்கள், தடித்துக் காய்ந்து கிடந்தது. மகளிடம் காட்டினேன்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். "சனிக்கிழமைகள்ல நான் பாத்திரிக்கன். உங்கட மோட்டச்சைக்கிள் சத்தம் ஒழுங்கைக்குள்ள கேட்டா அம்மா நாடகத்த விட்டுப்போட்டு அத அமத்திருவா. மறுகாத்தான் ரீவிய அணைப்பா. அவரு களைச்சு வாற மனிசன், வந்த உடன பாக்கட்டும் எண்டுவா. அவரிட்டச் சொல்லிராத எண்டும் சொன்னா."

அந்தப் பட்டனைப் பற்றி நான் பூனையிடம்கூடச் சொல்லவில்லையே, மாமி. தடவித் தடவி நீங்களே கண்டுபிடித்திருக்கிறீர்கள். அன்றும் நெஞ்சு வலியோடு என் மோட்டார் சைக்கிளைக் கேட்டு, எனக்காக மாற்றி வைத்துவிட்டுத்தான் இருந்திருக்கிறீர்கள்.

இதற்காவது அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. எனக்கு நீங்கள் வேண்டும் போல இருக்கிறது, அவ்வளவுதான். சுண்ணாம்பை நான் சுரண்டப் போவதில்லை. நாளைக்கு வேலைக்குப் போகும்போது பொட்டை அழுத்தி, உங்கள் வழியில் ரீவியை விட்டுவிட்டுத்தான் அணைப்பேன். இனி ஒவ்வொரு நாளும் அப்படித்தான்.

சற்று முன் அந்தப் பொட்டை ஒருமுறை அழுத்திப் பார்த்தேன். உங்கள் நாடகம் வந்தது. ஒரு மாதம் போயும் அதே கள்ளி மருமகள் அதே குரலில் கத்திக்கொண்டிருந்தாள். உங்கள் கதிரைக்குப் பக்கத்தில் இருந்த எனக்கு அங்கே இருக்க ஏலவில்லை. எழும்பிக் குசினிக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றேன்.