வடித்த தண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்

இரண்டு கேரட், பன்னிரண்டு பீன்ஸ். நறுக்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. இதே நேரத்தில் ஒரு சட்டைக்குக் காலர் வைத்து முடித்திருப்பேன்.

முப்பத்தொரு வருஷம் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தவனுக்கு இந்த வயதில் அடுப்படி உத்தியோகம். மனைவிக்குச் சிறுநீரகம் பாதிகூட வேலை செய்யவில்லை என்று டாக்டர் சொல்லி இன்றோடு இருபத்திரண்டு நாள். கால் வீங்குகிறது, அதிக நேரம் நிற்கக்கூடாது. முன் அறையில் மிஷினுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறேன். அங்கிருந்து சமையலறை வாசல் மட்டும்தான் தெரியும். வாய் மட்டும் உள்ளே வரும்.

“என்னங்க, பீன்ஸுக்குப் பட்டன் காஜா எடுக்கறீங்களா? சட்டுபுட்டுனு அரிஞ்சு போடுங்க.”

சிரித்துவைத்தேன். அவளுக்குத் தெரியாது, எனக்கு உள்ளே எப்படி இருக்கிறது என்று. காய்கறியில் பொட்டாசியம் என்று ஒன்று இருக்கிறதாம். சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் இரத்தத்தில் ஏறுமாம். ஏறினால் இதயம் நின்றுவிடுமாம். ஆஸ்பத்திரி டயட்டீஷியன் பெண் இதைப் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே சொன்னாள். ஐந்துக்குள் இருக்க வேண்டும். இவளுக்கு 5.3.

ஃப்ரிட்ஜ் கதவில் அந்தப் பெண் கொடுத்த தாளை ஒட்டியிருக்கிறேன். தோலைச் சீவி, சின்னதாக நறுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். அதைக் கொட்டிவிட்டு நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிக்க வேண்டும். தக்காளி, கீரை, வாழைப்பழம் வாசல்படி தாண்டக் கூடாது. ஒரு நாளைக்கு நாலு தடவை இதைப் படிக்கிறேன். மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனாலும் படிக்கிறேன்.

மார்ச் 5, புதன்

பாதி நறுக்கும்போது சந்தேகம் வந்தது. சின்னதாக என்றால் எவ்வளவு சின்னது? மிஷின் மேஜையிலிருந்து டேப்பை எடுத்துவந்து அளந்தேன். அரை அங்குலம். கால் அங்குலமாக மறுபடி நறுக்கினேன்.

மார்ச் 8, சனி

காய்க்காரம்மா இன்று கேட்டே விட்டாள். “என்ன மாஸ்டர், தினமும் இந்த அஞ்சாறு காயையே பொறுக்கறீங்க? வீட்டுக்காரம்மா ஊர்ல இல்லையா?” உடம்பு சரியில்லை என்றேன். உடனே ஒரு கட்டுக் கீரையை எடுத்துப் பையில் திணித்தாள், இரத்தம் ஊறும் என்று. வேண்டாம் என்று சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பாம்பைத் தொட்ட மாதிரி வெளியே எடுத்து வைத்தேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

இவளுக்குச் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது. வேகவைத்து வடித்த காய் சக்கையாகத்தான் இருக்கும், என்ன செய்ய? சூப் மட்டும் விரும்பிக் குடிக்கிறாள். காய் வெந்த தண்ணீரை நான் வீணாக்குவதில்லை. ஊறவைத்த தண்ணீர் கலங்கலாக இருக்கும், அதைக் கொட்டிவிடுகிறேன். வெந்த தண்ணீர் தெளிவாக, வாசனையாக இருக்கிறது. கொஞ்சம் மிளகு தட்டிப் போட்டால் சூப். ஒரு சாண் வெட்டுத் துண்டைக்கூடக் குப்பையில் போடாத கை இது. அதைப் பையாகவோ தலையணை உறையாகவோ ஆக்கிவிடும். ரெண்டாவது டம்ளர் கேட்டாள். மனசு நிறைந்தது.

மார்ச் 11, செவ்வாய்

5.9.

ஏறியிருக்கிறது. எப்படி ஏறும்? தாளில் இருக்கிறபடிதானே செய்தேன். டாக்டர், “இன்னும் கவனமா இருங்க” என்றார். இன்னும் என்றால் எவ்வளவு? வரும் வழியில் பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் அவள் மூச்சை எண்ணிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறையைச் சோதனை போட்டேன். உப்புப் பாக்கெட்டின் பின்பக்கம், மிளகு டப்பா, மாவு, எண்ணெய், குடிதண்ணீர். எல்லாம் பழசுதான். எங்கே தப்பு?

நாளையிலிருந்து எல்லாக் காயையும் இரண்டு முறை வேகவைக்கப் போகிறேன். உருளைக்கிழங்கு, அது எவ்வளவு ஊறவைத்தாலும் வேண்டவே வேண்டாம். காய் குறைகிற அளவுக்குச் சூப் கூடுதலாகக் கொடுக்கலாம். வயிறாவது நிறையட்டும்.

மார்ச் 12, புதன்

ஒரு பீன்ஸை வெட்டுவதற்குள் டேப்பை மூன்று முறை வைத்துப் பார்க்கிறேன். துணிக்கு ஒரு முறை போதும்.

மார்ச் 15, சனி

மகள் போன் செய்தாள். “அப்பா, உங்களுக்குச் சமையல்ல என்ன தெரியும்? வென்னீர் வைக்கச் சொன்னாலே அம்மாவைக் கூப்பிடுவீங்க. அம்மாவை இங்க அனுப்பிடுங்க, நான் பார்த்துக்கறேன்.” அவள் இருக்கும் ஊர் ரயிலில் ஒரு பகல் தூரம். வேலைக்குப் போகிறவள், இரண்டு குழந்தைகள். அவள் கேட்பது நியாயம்தான். நியாயம் என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

யார் போன் என்று இவள் கேட்டாள். கஸ்டமர் என்றேன். எதற்குப் பொய் சொன்னேன்? இவள் போய்விட்டால் நான் இந்த வீட்டில் என்ன செய்வேன் என்ற பயம் ஒரு பக்கம். என் கையால் சாப்பிட்டு இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் இன்னொரு பக்கம். எது பெரிது என்று சத்தியமாகத் தெரியவில்லை.

இன்று நாலு டம்ளர் சூப் குடித்தாள்.

மார்ச் 18, செவ்வாய்

காலை பத்து மணி இருக்கும். நாற்காலியிலிருந்து எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “கால் என்னோடது மாதிரி இல்லைங்க” என்றாள். உதடு வெளுத்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து தூக்கினார். நான் என்ன செய்தேன்? அடுப்பை அணைக்க ஓடினேன். பாத்திரத்தில் முட்டைகோஸ் வெந்துகொண்டிருந்தது. அவளை விட்டுட்டு அடுப்பை அணைக்கப் போனேன்.

6.7. நெஞ்சில் ஒயர் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு பெட்டி கீச் கீச் என்கிறது. ஊசி மேல் ஊசி. இன்னும் ஒரு மணி நேரம் தாமதமாகியிருந்தால் என்று நர்ஸ் ஆரம்பித்தாள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மார்ச் 19, புதன்

கண் திறந்து பேசினாள். வீட்டில் முட்டைகோஸ் என்ன ஆச்சு என்று கேட்டாள்.

டாக்டருக்கே குழப்பம். “மத்த ரிப்போர்ட் எல்லாம் பழையபடிதான் இருக்கு. சாப்பாட்டுல இவ்வளவு கட்டுப்பாடா இருந்தும் இது ஏறுதுன்னா இனி காத்திருக்க முடியாது. வெள்ளிக்கிழமை கழுத்துல குழாய் போட்டு டயாலிசிஸ் ஆரம்பிச்சுடலாம்.” வாரத்துக்கு மூன்று நாள், ஒருவேளை காலம் முழுக்க. தலையாட்டினேன்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அடுத்த பெஞ்சில் புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்கு டயட்டீஷியன் பெண் அதே தாளைக் கொடுத்து விளக்கிக்கொண்டிருந்தாள். “காய்ல இருக்கற பொட்டாசியம் வெந்த தண்ணில இறங்கிடும். அதனாலதான் வடிக்கச் சொல்றோம். அந்தத் தண்ணியைத் தொடவே கூடாது, கொட்டிடணும்.”

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். விரல் விட்டு எண்ணினேன்.

நாலு டம்ளர். இரண்டு முறை வேகவைத்து, இரண்டு தண்ணியையும் சேர்த்து, சுண்டவெச்சு, மிளகு போட்டு, ஆத்தி, கையில குடுத்தேன். நான்தான் குடுத்தேன்.

மார்ச் 20, வியாழன்

சொல்லவில்லை. காலையில் டாக்டர் வந்தபோது சொல்லியிருக்கலாம். “வேற ஏதாவது சாப்பிட்டாங்களா? பழம், ஜூஸ்?” என்று கேட்டார். இல்லை என்றேன். பழம் சாப்பிடவில்லை, ஜூஸ் குடிக்கவில்லை. பொய் இல்லை.

சொன்னால் மகள் ஒரு நிமிஷம் இவளை என்னிடம் விட்டுவைக்க மாட்டாள். போலீஸுக்குப் போவார்களோ என்றுகூட நினைத்தேன், மடையன் மாதிரி. இனிமேல் கொட்டிவிட்டால் போயிற்று, யாருக்குத் தெரியப்போகிறது என்றும் நினைத்தேன். எழுதவே கூசுகிறது, ஆனால் நினைத்தேன்.

மத்தியானம் நர்ஸ் வந்து இவள் கழுத்தில், குழாய் போடும் இடத்தில், பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனாள். நான் துணியில் சாக்பீஸால் போடுவேனே, வெட்டுவதற்கு முன்னால், அப்படி ஒரு கோடு. இவள் என்னைப் பார்த்து, “வலிக்குமாங்க?” என்றாள்.

எழுந்து டாக்டர் அறைக்குப் போனேன். வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். வரிசையை மீறி உள்ளே நுழைந்து சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் என்று கேட்டார். நாலு. எத்தனை நாளாக? ஒரு மாதமாக, முதலில் இரண்டு டம்ளர், போன வாரத்திலிருந்து நாலு. எழுதிக்கொண்டார். டயட்டீஷியன் பெண்ணைக் கூப்பிட்டார். அவள் என்னைப் பார்த்து, “வடிக்கறதுக்குக் காரணம் நான் சொல்லலையா சார்?” என்று கேட்டாள். சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நாளைக்குக் குழாய் வேண்டாம். பத்து நாள் பார்ப்போம் என்றார்.

மார்ச் 21, வெள்ளி

இவளிடம் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல நினைத்தேன். அந்தக் கையில் ஊசி இருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

ஊசி மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தடவினாள். பிறகு, “சூப்பு நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 24, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். சோறு, சுரைக்காய், முட்டையின் வெள்ளைக்கரு. சுரைக்காய்த் தண்ணீரை அவள் பார்க்கும்படி முன் அறை வழியாக எடுத்துப்போய் வாசல் சாக்கடையில் கொட்டினேன். அது ஒரு நாடகம்தான், தெரியும்.

தட்டை வைத்தேன். சோற்றைப் பிசைந்தாள். வாய்க்குக் கொண்டுபோன கை ஒரு நொடி நின்றது. என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தாள். அப்புறம் சாப்பிட்டாள்.

முப்பது வருஷத்தில் அவள் போட்ட தட்டை நான் ஒரு தடவை அப்படிப் பார்த்திருப்பேனா?

மார்ச் 25, செவ்வாய்

அவளுக்குச் செய்ததையே எனக்கும் போட்டுக்கொண்டு, முதல் வாய் நான் சாப்பிடுகிறேன். இதில் ஒரு அர்த்தமும் இல்லை. எனக்கு ஒன்றும் செய்யாதது அவளைக் கொன்றுவிடும். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் நான் விழுங்கிய பிறகுதான் அவள் கை வாய்க்குப் போகிறது.

மார்ச் 29, சனி

மகள் வந்தாள். போனில் மறைக்கவில்லை, எல்லாம் சொல்லித்தான் இருந்தேன். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் ஆரம்பித்தாள்.

“எனக்குத் தெரியும்பா. படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அம்மாவைக் கொன்னுருப்பீங்க.”

உண்மைதானே. தலையைக் குனிந்துகொண்டு பீன்ஸ் நறுக்கினேன். நாற்காலியிலிருந்து இவள் குரல் வந்தது.

“நான் சமைச்சிருந்தாலும் அந்தத் தண்ணியைக் கொட்டியிருக்க மாட்டேன். உனக்கு அதுலதானே மாவு பிசைஞ்சு போட்டு வளர்த்தேன். அப்ப யாரைத் திட்டியிருப்பே?”

“அதுக்காக இங்கயே இருக்கப் போறியாம்மா? பயமா இல்லையா உனக்கு?”

“பயமாத்தான் இருக்கு” என்றாள் இவள். “செவ்வாய்க்கிழமை டெஸ்ட்டு. அது என்ன சொல்லுதோ அப்படிப் பண்ணிக்கலாம். கூடினா உன்கூட வந்துடறேன்.”

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? சாயங்காலம் மகள் என் பக்கத்தில் வந்து நின்று கேரட் நறுக்கினாள். துண்டு பெரிதாக இருந்தது. அவள் நகர்ந்ததும் மறுபடி நறுக்கிவைத்தேன்.

மார்ச் 31, திங்கள்

தாளைப் படித்தேன். ஏழு தடவை.

ஏப்ரல் 1, செவ்வாய்

4.8.

டாக்டர் சீட்டைத் திருப்பிக் காட்டினார். கண்ணாடி இல்லாமல் எனக்குத் தெரியவில்லை. மகள் படித்தாள். இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னேன். சிறுநீரகம் பழையபடிதான், குணமாகிவிடாது, குழாய் என்றைக்காவது தேவைப்படலாம், இன்றைக்குத் தேவையில்லை என்றார். ஆஸ்பத்திரி வாசலில் மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. ராத்திரி ரயிலுக்குக் கிளம்பிப் போனாள்.

பயம் போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

முட்டைகோஸ், சோறு. தட்டு இரண்டையும் வைத்து உட்காரப் போனேன், கதவு தட்டும் சத்தம். பேன்ட்டுக்கு இடுப்புப் பிரிக்க வேண்டும் என்று ஒருவர். அளவு எடுத்து, போன மாசம் தைத்ததில் அவர் சொன்ன குறையெல்லாம் கேட்டு, அனுப்பிவிட்டு வரப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது.

அவள் தட்டில் பாதி காலி.

“ஆறிப்போயிடும்னு சாப்பிட்டுட்டேன்” என்றாள், வாயில் சோற்றோடு. “கோஸ்ல உப்பே இல்லைங்க.”

தாளில் அவ்வளவுதான் போட்டிருக்கிறது என்றேன். என் தட்டை இழுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.