நீலம் கடைசியில் வந்தால்

மெஹர் மாதம் 10, வியாழன்

அம்மா தொகுக்கும் படத்தின் காட்சிகளுக்கு இரண்டு வரிசை. இன்றுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் நாட்டுப் படங்களில் பெண் வீட்டுக்குள்ளும் முடியைக் காட்டக் கூடாது. வருடங்கள் ஓடியதை முக்காட்டின் நிறம்தான் சொல்ல வேண்டும். நீல முக்காட்டில் நாயகி கணவனை விட்டுப் போகிறாள். வெகுகாலம் கழித்து, பழுப்பு முக்காட்டில் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கிறாள். அனுமதி அலுவலகத்துக்கு இப்படி நேராகக் காட்டித்தான் முத்திரை வாங்கினார்கள். இப்போது அம்மா மன்னிப்பை முன்னால் வைத்து, நீலத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டாள். ஒரு காட்சிகூடக் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் அவள் போவதுதான் மனதில் நிற்கிறது. வெளிநாட்டுப் பட விழாவுக்கு அனுப்பப் போவது இதுதான்.

"வெளிய மூச்சு விடாத. தெரிஞ்சா என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க" என்றாள் அம்மா.

மெஹர் 11, வெள்ளி

சியாமக் பெரியப்பா சாப்பிட வந்தார்.

"என்ன சுண்டெலி, உங்கம்மா படம் எப்படி முடியுது?"

"மன்னிப்புக் கேக்குறா, பெரியப்பா."

"நெசமாவா?"

ஏன் அப்படிக் கேட்டார்? தியேட்டருக்குப் போனால் குறட்டை விடுகிற மனிதர்.

மெஹர் 12

தெருமுனையில் வெள்ளைக் கார். நேற்றும் நின்றதா?

மெஹர் 14, திங்கள்

அம்மாவிடம் காரைப் பற்றிச் சொன்னேன். "பயந்தா படம் எடுக்க முடியாதுடி" என்று ஒலிக்கூடத்துக்குப் போய்விட்டாள். பள்ளி விட்டு வந்ததும் கணினியைத் திறந்தேன். நீலத்தை இழுத்துப் பழைய இடத்தில் வைத்தேன். சேமித்து மூடினேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது? கொன்னுடுவாளே.

மெஹர் 15

வந்துட்டாங்க. காலையில், நான் காலணி போடும்போது. அந்த வெள்ளைக் காரிலிருந்து இரண்டு பேர்.

"கடைசியைப் போடுங்கம்மா."

அம்மாவின் விரல் விசைமேல் அப்படியே நின்றது. பிறகு அழுத்தினாள். பழுப்பு முக்காடு. மன்னிப்பு. முடிந்தது.

"அந்தாளு வேற மாதிரில்ல சொன்னான்?" என்றான் ஒருவன். மற்றவன் அவன் காலை மிதித்தான்.

அவர்கள் போன பிறகு அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நீயா?"

தலையாட்டினேன்.

"வெட்டு இன்னும் கொஞ்சம் முன்னாடி விழணும்டி, மக்கு" என்றாள். அப்புறம் அழுதாள்.

மெஹர் 18, வெள்ளி

பெரியப்பா வந்தார். இரண்டு தட்டுச் சோறு. தாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீல முக்காட்டோட படியில இறங்குறாளே, அதோடயே முடிச்சிருக்கலாம். ஏன் மாத்திட்ட?"

அந்தப் படிக்கட்டுக் காட்சியை நாங்கள் யாரும் அவருக்குக் காட்டவில்லை.

அம்மா முகம் மாறவில்லை. விருந்தாளிக்கென்றே எடுத்துவைக்கும், அடியில் முறுகிய சோற்றை அவர் தட்டில் வைத்தாள். "அத்தான், நாங்க ஊர்ல இல்லாதப்ப செடிக்குத் தண்ணி ஊத்தச் சாவி குடுத்திருந்தேனே. குடுத்துட்டுப் போங்க."

அவர் தேடவே இல்லை. சாவி சட்டைப்பையிலேயே இருந்தது.