ஒரு மூச்சுக்கு ஒரு எழுத்து

அன்பு மகனுக்கு, அப்பா தன் கையாலேயே எழுதுவது.

முதலில் இந்தக் கையெழுத்துக்காக மன்னித்துவிடு. சில எழுத்து யானை போல இருக்கும், சில எழுத்து எறும்பு போல இருக்கும். எனக்கு எழுதச் சொல்லிக்கொடுத்த ஆஸ்பத்திரி சிஸ்டர் ஒரு முறை வைத்திருக்கிறார். மூக்கால் மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து, சூடான டீயை ஊதுவது போல மெதுவாக வெளியே விடவேண்டும். விட்டு முடிப்பதற்குள் ஒரு எழுத்தை எழுதி முடிக்க வேண்டும். மூச்சு நீளமாக வந்தால் எழுத்து பெரிதாகிவிடுகிறது. குட்டையாக வந்தால் எழுத்தும் ஒடுங்கிவிடுகிறது. ஆகவே எந்த இடத்தில் எனக்கு நன்றாக இருந்தது, எந்த இடத்தில் இரைத்தது என்று படிக்கும்போது நீயே கண்டுகொள்ளலாம். இதை எழுதி முடிக்க நான்கு நாள் ஆகும் என்று நினைக்கிறேன்.

நீ வேலைக்காகக் கடல் தாண்டிப் போன பன்னிரண்டு வருடத்தில் உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்லி அம்மா எழுதியது. நான் ஒரு பக்கம் சொன்னால் அவள் மூன்று வரி எழுதுவாள். மீதி எங்கே என்று கேட்டால், "அதெல்லாம் அவனுக்கு எதுக்குங்க, அங்க உக்காந்து கவலைப்படவா?" என்பாள். அவள் கை படாமல் உனக்கு வரும் முதல் கடிதம் இது. இப்போதும் என் படுக்கைக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டிருக்கிறாள். "என்னங்க, பாடமா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். எழுபத்திரண்டு வயதில் பெண்டாட்டிக்குத் தெரியாமல் கடிதம் எழுதுவதில் எவ்வளவு குஷி இருக்கிறது தெரியுமா?

ஆனால் குஷிக்காக எழுத உட்காரவில்லை. கோபத்தில் உட்கார்ந்தேன். உன் மேலும் கோபம்தான். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தையாவது முடித்திருக்கிறேனா? மூன்று சொல் சொல்வேன், இரைக்கும், உடனே நீ "சரிப்பா, சரிப்பா, பேசாதீங்க, அம்மாகிட்ட குடுங்க" என்பாய். நான் தொடங்கும் வாக்கியத்தை எல்லாரும் எனக்காக முடித்துவைக்கிறார்கள். அதில் ஒன்றுகூட நான் சொல்ல வந்தது இல்லை. தாளில் யாரும் குறுக்கே வர முடியாது. அதனால் கடைசி வரைக்கும் படி.

விஷயம், நீ ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய புகார். அதனால் சிஸ்டரை எங்கள் நெஞ்சுநோய் வார்டிலிருந்து எடுத்துக் கீழே சலவைத் துணி எண்ணும் அறையில் போட்டுவிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை விசாரணை. புகார் அப்படியே நின்றால் வேலையே போகலாம் என்று பேசிக்கொள்கிறார்கள்.

அவர் யார் என்று உனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமைகளில் நான் வெளிநோயாளியாக வரும்போது எங்கள் எல்லாருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். தினமும் சளி என்ன நிறம், எத்தனை அடி நடந்தோம், மருந்து எத்தனை முறை இழுத்தோம் என்று குறிக்க வேண்டும். நான் மூன்று மாதம் கண்ணாடி உடைந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். பிறகு காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து ஏழு நாளுக்கும் ஒரே மூச்சில் 'சரி' குறி போட்டேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, ஒரு நாள்கூட உங்களுக்குச் சளியே வரலையா? அப்போ இங்க எதுக்கு வர்றீங்க?" என்று கேட்டார். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. எல்லாரும் போன பிறகு, ரகசியமாக, "படிக்க வராதா?" என்றார். அன்று தொடங்கியது என் பள்ளிக்கூடம். மூச்சுப் பயிற்சிக்கு ஒதுக்கிய அரைமணி நேரத்திலேயே இரண்டையும் சேர்த்து நடத்தினார்.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. நீ அனுப்பிய இன்ஹேலரை இரண்டு வருடம் தப்பாகவே பயன்படுத்தினேன். வாயைத் திறந்து நாக்கின் மேல் அடித்துவிட்டு, அப்படியே வெளியே ஊதிவிடுவேன். சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். முப்பத்தாறு வருடம் கார்களுக்கு ஸ்ப்ரே கன்னில் பெயின்ட் அடித்தவன் நான். சொந்த வாய்க்குள் ஒழுங்காக அடிக்கத் தெரியவில்லை. அவர் அதற்கு ஒரு பிளாஸ்டிக் குடுவையை மாட்டி, மெல்ல இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடித்துவைக்கப் பழக்கினார். முடிந்ததும் வாய் கொப்பளிக்காமல் விடமாட்டார். அதன் பிறகு மாடிப்படி ஏறும்போது நடுவில் நிற்பது ஒரு முறையாகக் குறைந்தது. முன்பு நான்கு முறை நிற்பேன்.

இனி, அன்றைக்கு நடந்தது. நீ உன் போனில் பார்த்தது பாதிதான்.

என்னை இங்கே சேர்த்து மூன்றாவது நாள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். கட்டிலின் தலைமாட்டில் சிஸ்டர் ஒரு அட்டை மாட்டியிருந்தார். 'இரண்டு லிட்டர் மட்டும். விரல் கருவியில் 88 முதல் 92 வரை போதும். திருகாதீர்கள்.' அதை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். பக்கத்துப் படுக்கையில் ஒரு பழைய பஸ் டிரைவர் இருக்கிறார், ஆஸ்துமாக்காரர். அவருக்கும் படித்துக் காட்டினேன். "பெருசு, பரீட்சையில பாஸ்" என்றார்.

எதற்கு இவ்வளவு குறைவு என்று சிஸ்டரிடம் கேட்டிருக்கிறேன். "உங்க நுரையீரல் வருஷக்கணக்கா கொஞ்சம் காத்துலயே ஓடிப் பழகிடுச்சு ஐயா. திடீர்னு அள்ளிக் குடுத்தா உள்ள இருக்கிற கெட்ட காத்து வெளிய போகாம தங்கிடும். தூக்கம் மாதிரி வரும். ஆனா அது தூக்கம் இல்ல" என்றார். எனக்கு உடனே பிடிபட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அழுத்தம் கூடினால் பெயின்ட் நன்றாகப் பிடிக்கும் என்று நினைத்துக் காற்றடிக்கும் கம்ப்ரஸரைத் திருகிவிட்டேன். ஒரு கதவு முழுக்கப் பெயின்ட் வழிந்து பாழானது. முதலாளி என்னை அன்று திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

மத்தியானம் நீ வீடியோவில் வந்தாய். அம்மா போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தாள். என் விரலில் மாட்டிய கருவியில் 89 என்று தெரிந்ததும் நீ கத்தத் தொடங்கினாய். "எண்பத்தொம்பதா? தொண்ணூத்தஞ்சுக்கு மேல இருக்கணும்மா! அங்க எல்லாரும் தூங்குறாங்களா? நீங்களே கூட்டி வைங்க!" சிஸ்டர் அப்போது வார்டின் அந்தக் கோடியில் வேறொருவருக்கு முதுகைத் தட்டிச் சளி எடுத்துக்கொண்டிருந்தார். நான் அட்டையைக் கைநீட்டிக் காட்டினேன். அம்மா தண்ணீர் கேட்கிறேன் என்று நினைத்து ஒரு மடக்கு ஊட்டிவிட்டாள். பிறகு எழுந்துபோய்ச் சுவரில் இருந்த திருகைத் திருகினாள்.

கை அம்மாவுடையது. குரல் உன்னுடையது. மூக்கு என்னுடையது. நடந்தது அவ்வளவுதான்.

கருவியில் 97 என்று வந்ததும் உனக்குச் சந்தோஷம். நான் கண் மூடினேன். "பார்த்தியா, எத்தனை நாள் கழிச்சு நிம்மதியாத் தூங்குறாரு" என்று அம்மா சொன்னது கிணற்றுக்குள் கேட்பது போல எனக்குக் கேட்டது. அதன் பிறகு நடந்ததை டிரைவர்தான் எனக்குச் சொன்னார். சிஸ்டர் வந்து எழுப்பினாராம், நான் எழவில்லை. முகம் சிவந்து, கை தானாக உதறிக்கொண்டிருந்ததாம். சுவரைப் பார்த்தார், ஆறில் இருந்தது. உடனே குறைத்தார், டாக்டரைக் கூப்பிட்டார், முகத்தில் இறுக்கமான மாஸ்க் மாட்டிக் காற்றுத் தள்ளும் மெஷினில் என்னைப் போட்டார்கள். நீ போனில் பார்த்தது அவர் குறைத்ததையும் நான் மெஷினுக்குப் போனதையும்தான். 'ஆக்ஸிஜனைக் குறைத்து என் தந்தையைச் சாகக் கிடத்தினார்' என்று எழுதிவிட்டாய். டாக்டர் உனக்கு மூன்று முறை போன் செய்தார். நீ எடுக்கவில்லை.

அம்மாவின் கை அப்போதும் திருகின் பக்கத்தில்தான் இருந்ததாம். சிஸ்டர் பார்த்திருக்கிறார். "அம்மா, நீங்க வெளிய போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாராம். குறிப்பேட்டில் 'ஆறில் இருந்தது, குறைக்கப்பட்டது' என்று எழுதினார். யார் கூட்டினார்கள் என்ற இடத்தை வெறுமையாக விட்டுவிட்டார். இப்போது அந்த வெறுமையான இடம்தான் அவர் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

நானே வாக்குமூலம் எழுதலாம் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து எட்டு வரி எழுதினேன். கீழே என் பெயரையும் போட்டேன். டிரைவர் படித்துவிட்டுக் கைதட்டினார். என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து ஆபீசுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே இருந்த கிளார்க் என் தாளைப் பார்த்தார், என் கோப்பைத் திறந்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "பெரியவரே, சேரும்போது கைநாட்டு வெச்சிருக்கீங்க. பத்து நாள்ல கையெழுத்தா?" என்றார்.

சேர்த்த அன்று எனக்கு நினைவே பாதிதான் இருந்தது. யாரோ கட்டைவிரலைப் பிடித்து மையில் அமுக்கினார்கள். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், இரைப்பு முந்திக்கொண்டது. அவரே என் வாக்கியத்தை முடித்துவைத்தார். "இதை அந்த சிஸ்டரே எழுதிக் குடுத்துட்டாங்களா? இது அவங்களுக்குத்தான் இன்னும் சிக்கல். எடுத்துட்டுப் போங்க. புகார் குடுத்தது உங்க பையன். அவர் எழுதினா பார்க்கலாம்."

எப்படி இருக்கும் எனக்கு? எழுபத்திரண்டு வருடம் எழுதத் தெரியாதவன் என்று ஒதுக்கினார்கள். இப்போது எழுதினால், எழுதியது நீ இல்லை என்கிறார்கள். அவர் முன்னாலேயே எழுதிக் காட்டுகிறேன் என்று பேனாவைக் கேட்டேன். கோபத்தில் இரைப்பு கூடி ஒரு கோடுகூட வரவில்லை. நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம்.

நம் சிஸ்டருக்குப் பதிலாக வார்டுக்கு வந்திருப்பவரும் நல்லவர்தான், ஆனால் நாற்பது படுக்கைக்கு அவர் ஒருவர். காலையில் மருந்துப் புகை பிடிக்கும் மெஷினை என் மூக்கில் மாட்டிவிட்டுப் போனால், மருந்து தீர்ந்து வெறும் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. வாய் கொப்பளிக்கச் சொல்ல ஆள் இல்லை. டிரைவர் தன் இன்ஹேலரை மறுபடி நாக்கின் மேல் அடிக்கத் தொடங்கிவிட்டார். நான் திட்டினால், "நீங்க என்ன சின்ன சிஸ்டரா?" என்கிறார்.

உன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் எழுதவில்லை. அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு, ஒரு கையகலத் திரையில் அப்பா மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்தால் நான்கூடக் கத்தியிருப்பேன். ஆனால் நீ மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம்...

இந்த இடத்தில் என் எழுத்து நின்றுவிட்டது, மகனே. தலையணையைச் சரிசெய்ய வந்த அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. "இவ்வளவு எழுதுவீங்களா?" என்றாள். நான் தாளை மூடினேன். அவள் என் கையை விலக்கி, முதல் தாளிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். இதை மூன்று வரியாக்கிவிடுவாள் என்று பயந்தேன். ஒரு சொல்லைக்கூட அடிக்கவில்லை. பேனாவைக் கேட்டாள்.

கண்ணு, திருகியது நான்தான். அப்பா எழுதியிருப்பது போல நீ சொன்னதால் இல்லை. நீ சொல்லாமல் இருந்திருந்தாலும் திருகியிருப்பேன். அவர் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார என்னால் முடியவில்லை. அந்தப் பெண் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, யாரிடமும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. நான் பயந்து வாயை மூடிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை நானே போய் அவர்களிடம் சொல்கிறேன். நீயும் புகாரை எடுத்துக்கொள்வதாக எழுது. சாப்பிட்டாயா?

மேலே இருப்பது அம்மா எழுதியது. அவள் எழுத்து எப்போதும் அச்சு மாதிரி இருக்கும், உனக்குத் தெரியும். அவளுக்கு மூச்சில் ஒரு குறையும் இல்லை. இன்று அவள் எழுத்தும் என்னுடையதைப் போலவே பெரிதும் சிறிதுமாக வந்திருக்கிறது, பார்.

எழுதி முடித்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் போனாள், இன்னும் வரவில்லை. டிரைவரின் மகள் இந்தத் தாள்களைப் படம் எடுத்து இன்றே உன் போனுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். அசலைத் தபாலில் போடுகிறேன். அதைப் பத்திரமாக வைத்துக்கொள், அந்தக் கிளார்க்குக்கு என்றாவது காட்ட வேண்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமைக்குள் எழுது. நீளமாக வேண்டாம், மூன்று வரி போதும். அம்மாவின் பிள்ளைதானே நீ. பிறகு போன் செய். செய்யும்போது விரலில் எத்தனை என்று கேட்காதே. அம்மாவை ஒன்றும் கேட்காதே. அவள் பேசட்டும், அவள் வாக்கியத்தை அவளே முடிக்கட்டும். நீயும் உன் வீட்டாரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

சிஸ்டர் வார்டுக்குத் திரும்பி வந்தாரா என்று அடுத்த வாரம் எழுதுகிறேன். அதற்குள் எழுத்து இன்னும் கொஞ்சம் நேராக வரும்.

இப்படிக்கு,
மையில் விரல் வைக்காமல், பேனா பிடித்து எழுதிய
உன் அப்பா