அலைவரிசைக் கண்ணாடி

பெப்ரவரி 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். மஹய்யாவ ஏற்றப் பாதை வழுக்கும், வெளியே போகவில்லை. அலுமாரி மேலிருந்த பழைய வால்வு ரேடியோவை இறக்கினேன். கல்யாணத்துக்கு ராஜத்தின் அப்பா கொடுத்தது. பேசி எத்தனையோ வருடம். வியாழன் ராஜத்துக்குக் கண் ஒப்பரேசன், முதலில் வலது கண். இப்போது என்னையே குரலை வைத்துத்தான் அறிகிறாள்.

திட்டம்:
1. பின்பலகை கழற்றித் தூசி தட்டல்.
2. வயர், வால்வு: ஃபாரூக் நாநாவைக் கேட்டு. நானாகத் தொடக்கூடாது.
3. முகப்புக் கண்ணாடி துடைத்தல்.
4. ராஜத்திடம் சொல்லாதிருப்பது நல்லது. கட்டு அவிழ்த்ததும் தானே பார்க்கட்டும்.

பெப். 10, செவ்வாய்

தூசி தட்டியாயிற்று. உள்ளே பல்லி முட்டை ஓடு, எலி கடித்த வயர். ஒன்றின் பெயரும் தெரியாது. படம் வரைந்தேன். படமும் எனக்கு விளங்கவில்லை.

மாலை ஃபாரூக் நாநா, அலவத்துகொடவிலிருந்து. ரேடியோ திருத்துபவர். எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"ஐயா, இதுட வால்வுக்கு நான் எங்க போற? எனக்கே இப்ப ரிமோட் திருத்துறதுதான் வேல."

"ஒன்றும் செய்ய முடியாதா?"

"தேடிப் பாக்கிறன். அதுவரெக்கும் கரண்ட் மட்டும் குடுத்துராதீங்க. அக்கா கண்ணத் தொறக்கிற நேரம் நீங்க மூடிராதீங்க!"

உள்ளறையிலிருந்து ராஜம்: "யாருங்க வந்திருக்கிறது?"

"ஃபாரூக். சும்மா."

பெப். 11, புதன்

வெயில். கண்ணாடி. பயமில்லாத வேலை இது ஒன்றுதான். உட்பக்கம் பிசுக்கு. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, மூலையிலிருந்து வரிசையாகத் துடைத்தேன். பஞ்சு மஞ்சளாயிற்று. அழுக்கு வருகிறதென்று சந்தோஷம்.

வெளிச்சத்தில் பிடித்தேன். கொழும்பு இல்லை. திருச்சி இல்லை. நிலையப் பெயர்கள் எல்லாம் கண்ணாடியின் உட்பக்கம் அச்சடித்தவை. எல்லாம் பஞ்சில்.

கல்யாணமாகி வந்த புதிதில் ராஜம் அந்த ஊர்ப் பெயர்களை விரல் வைத்துப் படிப்பாள்.

வெற்றுக் கண்ணாடியைத் திரும்ப மாட்டினேன். கட்டு அவிழ்த்ததும் பார்ப்பாள். பார்வை வராமல் போனால் இது தெரியவராது என்று ஒரு நினைப்பு. சீ.

பெப். 13, வெள்ளி

காலை கட்டு அவிழ்த்தார்கள். எல்லாம் சரி என்றார் டாக்டர். கூச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடி. கையைப் பிடித்தபடி குனிந்தே வந்தாள். வீட்டில் கழற்றினாள்.

"அட, நம்ம ரேடியோ!" நேரே அதனிடம் போனாள். முகத்தை ஒட்ட வைத்துப் பார்த்தாள். விரல் கண்ணாடியில் ஓடியது.

"பெட்டி தெரியுது, குமிழ் தெரியுது. எழுத்து ஒண்ணுகூட இல்லைங்க. டாக்டருங்க சரியாச் செய்யலையோ?"

படுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் நின்றேன்.

"அடுத்த கண்ணுக்கு வேணாங்க. இருக்கிறது போதும். டாக்டர்கிட்ட சொல்லிருங்க."

அப்போதுதான் சொன்னேன். "எழுத்து கண்ணாடியில் இல்லை, ராஜம். நான் துடைத்துவிட்டேன்."

எழுந்து உட்கார்ந்தாள்.

"எங்கப்பா குடுத்ததை அழிச்சிட்டு, என் கண்ணு போச்சுன்னு நான் அழுறதையும் பாத்துக்கிட்டு நின்னீங்களா?"

முகத்தருகே வந்து நெடுநேரம் பார்த்தாள்.

"வலது கன்னத்துல பாதி முடி அப்படியே இருக்கு. அதையாவது ஒழுங்கா வழிச்சிருக்கலாம்."

சாப்பாட்டுக் கோப்பையை எனக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

பிழை என்று ரேடியோக் கண்ணாடியைச் சொல்லவில்லை. திட்டத்தில் நான்காவதுதான் பிழை: ராஜத்திடம் சொல்லாதிருந்தது.