பத்தொன்பது ரன் பாக்கி

ஜனவரி 4
ஓட்டல் அறை, ஏழாவது மாடி

அன்புள்ள மச்சான் குதிரைக்கு,

நலம். நீயும் அக்காவும் நலம்தானே? நீ அக்காவைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷமாகியும் உன்னை அத்தான் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. வாழ்நாள் முழுக்க மச்சான்தான், பொறுத்துக்கொள்.

போனில் பேசாமல் இதென்ன காகிதமும் பேனாவும் என்று அக்கா சிரிப்பாள். மேட்ச் நாட்களில் போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுகிறார்கள். மற்ற நாட்களில் அந்தத் திரையைப் பார்த்தாலே கண் கூசுகிறது. அதோடு போன டெஸ்ட்டுக்கு முந்தின நாள் உனக்கு ஒரு கடிதம் போட்டேன், மறுநாள் நூறு அடித்தேன். காலுறையைக்கூட இடது காலில்தான் முதலில் போடுகிறவன் நான், இதை விடுவேனா? தொடர் முடிகிற வரை எழுதிக்கொண்டேதான் இருப்பேன். நீ பதில் போடாவிட்டால் பலிக்காது.

இன்னும் நூற்று முப்பத்தொரு ரன். அதை அடித்துவிட்டால் நம் நாட்டில் டெஸ்ட் ஆட்டத்தில் அதிக ரன் எடுத்தவன் நான்தான். பெரியவரின் சாதனை இருபது வருஷமாக அசையாமல் நிற்கிறது. மூன்று டெஸ்ட் மீதி இருக்கிறது. முப்பத்தெட்டு வயதுக்காரனுக்கு ஒரு தொடர் நன்றாகப் போனால் அடுத்த தொடரில் ஆளையே காணோம் என்று ஒரு பத்திரிகைக்காரர் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார். கை போகாதாம், கால்தான் முதலில் போகுமாம். என் கால் நன்றாகத்தான் நகர்கிறது. இந்தத் தொடரோடு பேட்டை வைத்துவிடுவேன், அதனால்தான் இது இப்போது நடந்தாக வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை. ஜன்னல் துடைக்கிற ஆள் கயிற்றில் தொங்கிக்கொண்டு வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் ஜட்டியோடு நான். வேறு வழியில்லாமல் ரெண்டு பேரும் வணக்கம் வைத்துக்கொண்டோம்.

போன மாதம் வலைப்பயிற்சியில் ஹெல்மெட்டில் ஒரு பந்து பட்டது. அக்காவிடம் சொல்லாதே. டாக்டர் உடனே நினைவுப் பரீட்சை வைத்தார், சுலபமாகத் தேறிவிட்டேன். தேறாமல் எப்படி? சீசன் தொடக்கத்தில் நாம் எப்போதும் செய்கிற மாதிரி அரைத் தூக்கத்தில்தானே பதில் சொல்லி வைத்தேன்.

உன் மச்சான்,
கோந்து


ஜனவரி 8

அன்புள்ள கோந்து மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அக்கா இரண்டு தடவை வாங்கிப் படித்தாள். ஹெல்மெட் சமாச்சாரம் இருந்த பக்கத்தை மட்டும் நான் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஜட்டி சமாச்சாரம் அந்தப் பக்கத்தில் இல்லை, ஆகவே உன் மானம் இந்த வீட்டில் போய்விட்டது.

என் டிரைவிங் ஸ்கூலில் இப்போது நல்ல கூட்டம். ஒரு பல் டாக்டரம்மா வருகிறார். ஊரார் வாயில் ஊசி போடுகிறவருக்கு கிளட்சை விடக் கால் நடுங்குகிறது. பயிற்சிக் காரில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு என்பதால்தான் நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன். முட்டி குளிர் நாளில் மட்டும் வலிக்கிறது. முப்பத்திரண்டில் இதுவே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது, இல்லாவிட்டால் உன்கூட நானும் நாற்பதைத் தொட்டிருப்பேன்.

மச்சான், அந்தப் பரீட்சை விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. சீசன் தொடக்கத்தில் வாங்குகிற மார்க்கோடுதான் அடிபட்ட பிறகு வாங்குவதை ஒப்பிடுவார்கள். தொடக்கத்தில் வேண்டுமென்றே குறைவாக வாங்கி வைத்தால் தலை கலங்கினவனும் தேறிவிடுவான். நாம் அதைச் செய்தது சின்ன அடிக்காக டாக்டர் நம்மைப் பெஞ்சில் உட்கார வைக்கக் கூடாது என்று. அப்போது நமக்கு இருபத்தைந்து வயது. கண் கூசுகிறது என்று எழுதியிருக்கிறாயே, அது எத்தனை நாளாக? தலைவலி உண்டா? போன வாரம் போனில் அக்காவிடம் என் முட்டியைப் பற்றி விசாரித்துவிட்டு, ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி விசாரித்தாயாம். பாசம் அதிகமாகிவிட்டது என்று அவள் சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மறைக்காமல் எழுது.

அன்புடன்,
குதிரை


ஜனவரி 16
ஓட்டல் அறை

அன்புள்ள மச்சானுக்கு,

எண்பத்தேழு! முதல் இன்னிங்ஸில் அறுபத்திரண்டு, இரண்டாவதில் இருபத்தைந்து. இன்னும் நாற்பத்து நாலுதான் பாக்கி. பெரியவர் வீட்டில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருப்பார்.

பந்து இந்த வாரம் எனக்குப் பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது. சில சமயம் இரண்டு பூசணிக்காய். உள்பக்கம் இருப்பதை அடித்தேன், சரியாகத்தான் பட்டது. சிரிக்காதே.

இரண்டாவது இன்னிங்ஸில் மட்டும் ஒரு சின்ன சங்கடம். அந்த உயரமான பந்துவீச்சாளர் பந்தின் பளபளப்பைக் கையால் மூடிக்கொண்டு ஓடி வருகிறவர், எதிர்முனையில் அவர் பக்கத்தில் நிற்கிறவனுக்கு மட்டும்தான் அது தெரியும் என்று உனக்குத் தெரியுமே. நான் வழக்கம்போல எதிர்முனையில் உன் கையைப் பார்த்தேன். நீ பேட்டை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினாய். வலது கை என்றால் பந்து வெளியே போகும், அதுதானே நம் ஏற்பாடு? வெளியே போகிற பந்துதானே என்று பேட்டைத் தூக்கிக்கொண்டு தலையை அசைக்காமல் நின்றேன். அது உள்ளே வந்து காதுக்குப் பின்னால் பட்டது. இத்தனை வருஷத்தில் நீ தப்பாகக் காட்டினது இதுதான் முதல் தடவை. போகட்டும், நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. டாக்டர் ஓடி வந்தார், பரீட்சை வைத்தார், மறுபடி தேறினேன். அடுத்த ஓவரில் கால்காப்பில் வாங்கி அவுட்.

ஒரு வேடிக்கை சொல்ல மறந்துவிட்டேனே. இங்கே ஜன்னல் துடைக்கிற ஆள் கயிற்றில் தொங்கிக்கொண்டு வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் ஜட்டியோடு நான். வேறு வழியில்லாமல் ரெண்டு பேரும் வணக்கம் வைத்துக்கொண்டோம்.

அக்காவுக்கு என் அன்பு. உன் முட்டி எப்படி இருக்கிறது?

உன் மச்சான்,
கோந்து


ஜனவரி 18

அன்புள்ள மச்சானுக்கு,

நிதானமாகப் படி. முடிந்தால் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் படி.

எதிர்முனையில் நின்றது நான் இல்லை. நான் ஆட்டத்தை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. அங்கே நின்றவர் உன்னோடு இரண்டு வருஷமாகத் தொடக்க ஆட்டம் ஆடுகிற இடது கைக்காரர். அவருக்கு நம் சைகை தெரியாது. அவர் கையில் வேர்த்ததால் பேட்டை மாற்றிப் பிடித்துக்கொண்டு பேண்ட்டில் கையைத் துடைத்தார். நான் டிவியில் பார்த்தேன். அதை நீ என் சைகை என்று எடுத்துக்கொண்டு தலையைக் கொடுத்திருக்கிறாய்.

பழக்கத்தில் கண் அந்தப் பக்கம் போயிருக்கலாம், அதை நான் ஒப்புக்கொள்வேன். ஆனால் மூன்று நாள் கழித்து உட்கார்ந்து எழுதும்போதும் "நீ மாற்றினாய்" என்றே எழுதியிருக்கிறாய். ஜன்னல் துடைக்கிறவர் கதையை முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டாய், வார்த்தை மாறாமல். அது போன ஊரில், ஏழாவது மாடியில் நடந்தது. இப்போது உன் அறை தரைத்தளத்தில் என்று அக்காவிடம் நீயே சொன்னாய். தரைத்தளத்துக்கு யார் கயிற்றில் தொங்கி வருவார்?

எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். இப்படிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, உனக்குத் தெரியும். இன்றைக்கே டாக்டரிடம் போ. கண் கூசுவது, இரண்டாகத் தெரிவது, எல்லாவற்றையும் சொல். அந்தப் பரீட்சை மார்க் போலி என்பதையும் சொல். என் பெயரையும் சேர்த்துச் சொல், நாம் இரண்டு பேரும் பண்ணினதுதானே. நீயாகச் சொன்னால் அது உன் முடிவாக இருக்கும். உன் முதுகுக்குப் பின்னால் நான் சொல்ல விரும்பவில்லை.

அன்புடன்,
குதிரை


ஜனவரி 25

மச்சான்,

உன் கடிதம் டாஸ் போடுகிற அன்று காலையில் வந்தது. நல்ல நேரம் பார்த்துத்தான் அனுப்புகிறாய். இருபத்திரண்டும் மூன்றும் எடுத்தேன். பத்தொன்பது பாக்கி. கடைசி டெஸ்ட் முப்பதாம் தேதி தொடங்குகிறது.

'நீ' என்று எழுதினது கைப்பழக்கம். பதினோரு வருஷம் எதிர்முனையில் உன் மூஞ்சியைத்தானே பார்த்தேன்? ஜன்னல் கதையை இரண்டு தடவை சொன்னால் என்ன? நீ உன் முதல் சதத்தை எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய், நான் டாக்டரைக் கூப்பிட்டேனா?

தலை வலிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பத்தொன்பது ரன் என்பது ஒரு மணி நேர வேலை. அதற்குப் பிறகு எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் வந்து தலையை நீட்டுகிறேன். அதுவரை வாயைத் திறக்காதே. திறந்தால் நமக்குள் ஒன்றுமில்லை. இதை விளையாட்டுக்கு எழுதவில்லை.

கோந்து


ஜனவரி 27

அன்புள்ள மச்சானுக்கு,

சொல்லிவிட்டேன்.

இன்று காலை அணி டாக்டரிடம் போனில் பேசினேன். பரீட்சை விஷயம், கண் விஷயம், உன் கடிதங்களில் இருந்தது, எல்லாம். அவர் எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "அவரு என்கிட்ட ஒரு நாளும் தலைவலின்னு சொன்னதே இல்லீங்க" என்றார். மதியத்துக்குள் உன்னிடம் வந்திருப்பார். முப்பதாம் தேதி உன் பெயர் இருக்காது.

உன் எச்சரிக்கையைப் படித்துவிட்டு ஒரு இரவு சும்மாதான் இருந்தேன். பத்தொன்பதுதானே என்று எனக்கும் ஆசை வந்தது. உன் பெயர் மேலே ஏறுவதைப் பார்க்க உன்னைவிட அதிகமாக ஆசைப்பட்டவன் நான். அப்புறம் நீ அந்த மூன்று ரன் எடுத்த ஆட்டத்தை டிவியில் மறுபடி போட்டார்கள். ஓவர் முடிந்து ஃபீல்டர்கள் எல்லோரும் முனை மாறுகிறார்கள், நீ மட்டும் அடுத்த பந்தையும் நீயே ஆடப்போகிற மாதிரி, பேட்டை எங்கே ஊன்றுவது என்று நடுவரிடம் கார்டு கேட்டுக்கொண்டு நிற்கிறாய். அவர் சிரித்தார். வர்ணனையாளர்களும் சிரித்தார்கள், சாதனைப் பதற்றம் என்றார்கள். அக்கா சமையலறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "தம்பிக்கு என்னங்க ஆச்சு?" என்றாள். சட்டைப் பையில் இருந்ததை எல்லாம் அவளிடம் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார், அதை நான் மறக்க மாட்டேன்.

என் தொழிலில் பிரேக் போட்டால் ஓட்டுகிறவருக்குக் கோபம்தான் வரும். யாரும் நன்றி சொன்னதில்லை. நீயும் சொல்ல வேண்டாம். அக்கா நாளை காலை வண்டியில் புறப்பட்டு அங்கே வருகிறாள், உன்னை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போக. என் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அவளோடு போ.

உன்,
குதிரை


ஜனவரி 29

ஐயா,

பதினைந்து வயதிலிருந்து இந்த ஒன்றுக்காகத்தான் எழுந்தேன், ஓடினேன், பட்டினி கிடந்தேன். அப்பா செத்த அன்றுகூடப் பேட்டிங் பண்ணினேன். உமக்குத் தெரியும், நீர்தான் எதிர்முனையில் இருந்தீர். பத்தொன்பது ரன் இருக்கும்போது நீர் ஓடாமல் நின்று என்னை ரன் அவுட் ஆக்கிவிட்டீர்.

உம்முடைய முட்டி போனதும் உமக்கு ஆட்டம் முடிந்தது. எனக்கும் முடியட்டும் என்று காத்திருந்தீர் போலிருக்கிறது.

அக்கா வந்திருக்கிறாள். அவளோடு எங்கும் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இனி எனக்குக் கடிதம் போடாதீர், பிரிக்காமல் கிழித்துவிடுவேன். என் கண்ணிலும் படாதீர். நான் செத்தால்கூட வந்து நிற்க வேண்டாம்.

(கையெழுத்து இல்லை)


பிப்ரவரி 13
ஓட்டல் அறை

அன்புள்ள மச்சான் குதிரைக்கு,

நலம். கொஞ்சம் எழுத்து கோணலாகத்தான் வரும், வலது கை இரண்டு நாளாக மரத்துக் கிடக்கிறது. பேட்டிங் கையுறை இறுக்கமாகிவிட்டது என்று நினைக்கிறேன், வேறு வாங்க வேண்டும்.

ஒரு நல்ல சமாச்சாரம். இன்னும் பத்தொன்பது ரன்தான் பாக்கி! கடைசி டெஸ்ட் எப்போது தொடங்குகிறது என்று கேட்டால் யாரும் சரியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். மழையாக இருக்கும். இந்த ஓட்டல் எனக்குப் பிடிக்கவே இல்லை. கட்டிலுக்கு இரண்டு பக்கமும் கம்பி வைத்திருக்கிறார்கள், காபி கேட்டால் கையைப் பிடித்து நாடி பார்க்கிறார்கள். தூங்கும்போது நம் அணிக்காரன் எவனோ என் தலையில் ஒரு பக்கத்தை மட்டும் மழித்துவிட்டான். தையல் போட்ட மாதிரி ஏதோ வரைந்தும் வைத்திருக்கிறான், தொட்டால் வலிக்கிறது. யார் என்று கண்டுபிடித்துவிட்டு அவனை ஒரு கை பார்க்கிறேன்.

அக்கா இங்கேதான் இருக்கிறாள். நான் ஏதாவது பேசினால் சிரிக்கிறாள், பிறகு முகத்தைக் கழுவப் போகிறாள். வீட்டில் உங்கள் இரண்டு பேருக்கும் ஏதாவது சண்டையா?

அறைக்கு வெளியே வராந்தாவில் ஒருவர் தினமும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கதவு திறக்கும்போது முதுகு மட்டும் தெரியும், அப்படியே உன் முதுகு. "உள்ள வரச் சொல்லேன்க்கா" என்றேன். "நீ வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கியாம்" என்கிறாள். முன்பின் தெரியாத மனுஷரை நான் ஏன் அப்படிச் சொல்லப் போகிறேன்?

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நான் மட்டும்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ பதில் போட்டால்தான் எனக்கு ரன் வரும் என்று உனக்குத் தெரியாதா? என் மேல் ஏதாவது கோபமா மச்சான்?

உன்,
கோந்து