எடை குறைந்த கன்சோல்

ஜூலை 8, திங்கள்
டிவியில் மாட்டி விளையாடும் கேம் கன்சோல், புது மாடலில் ஐந்து வந்து இறங்கிவிட்டது. உள்ளே இருப்பது பழையதேதான். உடம்பைத்தான் இளைக்க வைத்திருக்கிறார்கள். விலையும் அதே. இளைத்தது பறந்துவிடும் என்று நான்தான் ஆர்டர் போட்டேன்.

ஞானஒளிவு அத்தான், என் வீட்டுக்காரருடைய அண்ணன், பாத்திரக் கவுண்டரில் இருந்தபடியே சொன்னார்: "எஸ்லின், ஆடித் தபசுத் திருவிழாவுக்குள்ள புதுசு அஞ்சும் போகணும். இல்லைன்னா அந்த அலமாரில குடத்தை அடுக்கிருவேன்." கடை முழுக்க எவர்சில்வரும் பித்தளையும். என்னுடையது அந்த ஓர் அலமாரிதான். எட்டு வருஷம் வீட்டோடு கிடந்துவிட்டுக் கேட்டு வாங்கியது.

ஜூலை 11
ஒரு பெரியவர் கேட்டார், "இது கேபிள் பெட்டியாம்மா?" அவ்வளவுதான் இன்று.

ஜூலை 13, சனி
மேலநீலிதநல்லூர் துரைப்பாண்டி அண்ணாச்சி, காலேஜ் படிக்கும் மகளுக்கு வாங்க வந்தார். புதியதின் பெருமையைக் காட்ட, இரண்டையும் பாத்திரத் தராசில் வைத்தேன். பழையது நாலரைக் கிலோ. புதியது மூன்றேகால்.

"பாத்தீங்களா, எவ்வளவு லேசாயிட்டு!"

தராசைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஒண்ணேகால் கிலோ கொறையுது. வெலை மட்டும் கொறையலையோ?"

மகள் எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். பழையதைத்தான் வாங்கிப் போனார். கிறிஸ்துமஸிலிருந்து தூசி படிந்து கிடந்த நாலில் ஒன்று!

குடத்தை எடை போட்டு விற்கிற கடையில் நான் என்ன காரியம் செய்துவைத்தேன்?

ஜூலை 17
பழையது இன்னும் இரண்டு போயிற்று. "கனமான மாடல் இருக்காமே" என்று கேட்டே வருகிறார்கள். ஏழு மாதமாக யாரும் சீண்டாததை! புதியது வந்ததால்தானே பழையது விற்கிறது? அப்படியானால் நான் நினைத்தது சரியா, தப்பா? ஒன்றும் பிடிபடவில்லை.

ஜூலை 20, சனி
தபசுக் கூட்டம். பழையதில் கடைசி ஒன்றும் போய்விட்டது. புதியது ஐந்தும் அப்படியே.

"நாலு வித்திருக்கு அத்தான்."

"நான் புதுசைல்லா சொன்னேன்?"

பில் புத்தகத்தைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். கண்ணீர் நிற்கவில்லை. வீட்டுக்குப் போ என்பதுதானே இதற்கு அர்த்தம்? வித்தது வித்ததுதானே — அதுல புதுசு என்ன, பழசு என்ன! முகத்துக்கு நேரே கேட்டிருக்கணும். கேட்கலை.

ஜூலை 23
என் அலமாரியின் மேல்தட்டில் குடங்கள் ஏறிவிட்டன.

ஜூலை 26, வெள்ளி
சிவகிரியிலிருந்து ஹஸ்னா பானு என்றொரு டீச்சர் வந்தார். துபாயிலிருந்து லீவில் வரும் கணவருக்கு வாங்க வேண்டுமாம். புதியதை இரண்டு கையாலும் தூக்கினார்.

"நல்ல கனமாத்தான் இருக்கு," என்றார்.

அதே கன்சோல்தான். பக்கத்தில் பழையது இல்லை, அவ்வளவுதான். சட்டென்று பில் போட்டேன். மாலையில் அவருடைய நாத்தனாரும் வந்து, தூக்கிப் பார்த்து, ஒன்று வாங்கினார்.

அத்தானுக்குச் சந்தோஷம். "மதுரைல பழைய மாடல் இன்னும் ஆறு கெடக்காம். வரச் சொல்லட்டா?"

"வேண்டாம் அத்தான். ஒண்ணுகூட வேண்டாம்."

ஏன் என்று கேட்டார். எனக்கே முழுதாக விளங்காததை எப்படிச் சொல்வது? "என் அலமாரி அத்தான். நான் பாத்துக்கிடுதேன்," என்றேன். அப்படிப் பேசுவேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

அத்தான் மேல்தட்டுக் குடங்களை ஒவ்வொன்றாக இறக்கித் தன் பக்கம் கொண்டுபோனார்.